பிரசிடெண்ட் கொடுத்த தந்தி

கொளத்துமேடு, தாம்பரம் வழி
14-2-1988

ரவிக்கு ஆயா கிளியம்மாள் எழுதுவது.

முந்தாநாள் பிரசிடெண்ட் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அம்மா கன்னியம்மா, பஞ்சாயத்து பிரசிடெண்ட் குப்புராஜ், அவன் பெண்சாதி அம்மணி, எலியேசரின் அம்மா செல்வமேரி, கூப்பிடாமலே வந்த கங்கம்மா. பின்னாளில் இவர்களில் யாராவது "நான் அங்க இல்லவேயில்ல" என்று சொன்னால் நம்பாதே. அதற்காகத்தான் பேர்களை முதலில் எழுதினேன். நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் எலியேசரும் சுகமா?

விஷயம் இதுதான். கொஞ்ச நாளில் உனக்கு ஒரு தந்தி வரும். "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று பிரசிடெண்ட் பேரில் இருக்கும். பயந்துவிடாதே. உன் அம்மா நேற்று நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கினாள். பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பிய வீடுகளில் லீவுக்காக இப்படித் தந்தி கொடுப்பது நடப்பதுதான். ஆனால் சிலோன் சண்டையிலிருந்து லீவு கிடைக்க வேண்டுமென்றால் ஊர்ப் பெரிய மனுஷன் சொன்னால்தான் நம்புவார்களாம்.

குப்புராஜ் லேசில் மசியவில்லை.

"சித்தி, நானே மிலிட்டரில இருந்தவன். பொய்த் தந்திக்கு என் பேரப் போட்டா அசிங்கம்."

"ஓட்டு கேக்கறப்போ பஸ் ஸ்டாப் பெஞ்சு மேல ஏறி நின்னு இன்னா சொன்னே? 'புள்ளைங்கள மிலிட்டரிக்கு அனுப்புங்க, அவங்க உசுருக்கு நான் ஜவாப்தாரி'ன்னு சொன்னியா இல்லையா?"

"அப்ப சண்டை இல்ல சித்தி."

"சண்டை இல்லாத காலத்துக்கு இன்னாத்துக்குடா ஜவாப்தாரி?"

அம்மணி சிரித்துவிட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "இந்த ஒரு தபாதான்" என்றான். செல்வமேரியையும் கேட்கச் சொன்னேன். அவள் வாசற்படியிலேயே நின்று, "எனக்கு வாணாம் அத்தே. என் புள்ளைக்கு அப்படி ஒரு தந்தி போச்சுன்னா வழியெல்லாம் அழுதுகினே வருவான்" என்றாள். நான் மட்டும் கல்நெஞ்சக்காரி என்று அத்தனை பேர் எதிரில் சொன்ன மாதிரி இருந்தது. இதை மறக்க மாட்டேன்.

உங்கள் மேஜருக்குத் தமிழ் தெரியாதாமே, நல்லது. படித்ததும் கிழித்துப் போடு.

ஆயா கிளியம்மாள்

*

கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.
22-3-1988

அன்புள்ள ஆயாவுக்கு எலியேசரின் ஸ்தோத்திரம். கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் எப்போதும்போல் உங்கள் பேருக்கே எழுதுகிறேன். வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் கன்னியம்மா அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். தந்தி வந்ததும் நான் பதறிவிட்டேன். ரவி பதறவில்லை. பெட்டி கட்டும்போது சீட்டிகூட அடித்தான். துக்கம் சிலரை அப்படி ஆக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவன் திரும்புகிறவரை அவனுடைய காவல் முறையையும் நானே பார்க்கிறேன். அத்தைக்காக வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறேன்.

இருக்கும் இடத்தை எழுதக்கூடாது. பனை, கிணறு, செம்மண் எல்லாம் இங்கேயும் உண்டு. போன வாரம் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். உங்கள் வயது அம்மா ஒருவர் செம்பை நீட்டிக்கொண்டே, "தம்பி, தண்ணி தாறன். ஆனா தமிழில கேக்காதேங்கோ" என்றார். குடித்தேன். செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிரசிடெண்ட் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆபத்தென்றால் அவர் ஒரு தந்தி கொடுப்பார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் இங்கே இருக்கிறோம்.

எலியேசர்

*

கொளத்துமேடு
17-4-1988

எலியேசருக்கு ஆயாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. உன் அம்மா சுகம். கோழி ஒன்று அடைகாக்கிறது.

கன்னியம்மா பரவாயில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். கரைந்துவிட்டது என்கிறார்கள். நீ அதற்காக உடம்பை வருத்திக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமையும் சாப்பிடு.

ரவி இந்நேரம் அங்கே வந்து சேர்ந்திருப்பான். அவனிடம் அதிகம் கேட்காதே.

கிளியம்மாள்

*

கொளத்துமேடு
19-6-1988

ரவி, சுகம் கேட்கும் மனசு எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகமா?

உன் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை. பெருங்களத்தூர் டீக்கடையில் நின்று, "எங்க ஆயா எங்கம்மாவ படுக்க வெச்சே எனக்கு லீவு வாங்கிக் குட்த்துச்சு" என்று சிரித்தாயாமே. நீ ரயில் ஏறிய மறுவாரமே கங்கம்மா பிரசிடெண்ட் வாசலில் நின்றாள். உன் தாத்தா காரியத்துக்கு வந்து வீட்டுக்காரர்களுக்கு முன்னால் முதல் பந்தியில் உட்கார்ந்தவள் அவள். "உங்க சித்தி பொண்ணுக்கு மட்டும்தான் சீரியஸ் வருமா? நாங்க இன்னா இரும்பாலயா செஞ்சிருக்கோம்?" என்று கேட்டாளாம். அவள் மகனுக்கும் ஒரு தந்தி கொடுத்தான். பிறகு மேட்டுத்தெருக்காரிகள் இரண்டு பேர். அவர்களுக்கும் கொடுத்தான். ஒருத்திக்குக் கொடுத்தவன் இன்னொருத்திக்கு எப்படிக் கதவைச் சாத்துவான்?

ஊரில் அவனுக்கு முன்போல் மரியாதை இல்லை. சிலோனிலிருந்து அகதியாக வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் கொதிக்கிறார்கள். நீங்கள் கிளம்பிய அன்று தாம்பரம் ஸ்டேஷனில் அவன் உங்களுக்கு மாலை போட்ட போட்டோ பஞ்சாயத்து ஆபீசில் மாட்டியிருந்ததல்லவா, அதன்மேல் யாரோ சாணியை அப்பிவிட்டார்கள். "நம்ம ஜனத்த சுடறதுக்கு நம்ம புள்ளைங்கள அனுப்பினவன்" என்று பகலில் ஏசுகிறவர்கள்தான் பொழுது சாய்ந்ததும் தந்திக்கு வந்து நிற்கிறார்கள்.

எலியேசர் உன் அம்மாவுக்காக உபவாசம் இருக்கிறானாம். அந்தக் கடிதத்தைச் செல்வமேரிக்கு வாசிக்கும்போது அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். "நடுவுல இன்னாத்தையோ முழுங்கிட்டீங்களே அத்தே" என்றாள். கண் தெரியவில்லை என்றேன்.

அவனிடம் நீ எதுவும் சொல்லாதே. அவன் முகத்தில் விழிக்க என்னால் முடியாமல் போய்விடும்.

ஆயா

*

கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.
30-8-1988

ஆயாவுக்கு ரவி எழுதுவது. சுகம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இனிமேல் யாரையும் தந்தி கொடுக்க விடாதீர்கள். மேட்டுத்தெருப் பையன்களின் தந்தி வந்த அன்று மேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சிரித்தார். "உங்கள் ஊரில் அம்மாக்களுக்கு மட்டும் வருகிற வியாதியா?" என்று கேட்டார். கொளத்துமேடு பிரசிடெண்ட் பேரில் எது வந்தாலும் தன் மேஜைக்குத்தான் வர வேண்டும் என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டார். எலியேசர் அன்று ரோந்தில் இருந்தான். அவனுக்கு இது தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

ரவி

*

கொளத்துமேடு
6-11-1988

எலியேசருக்கு ஆயா எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் அம்மாவுக்கு உடம்பு நிஜமாகவே சரியில்லை. மஞ்சள் காமாலை. கீழாநெல்லி கொடுத்தோம், கேட்கவில்லை. தாம்பரம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். கண் மட்டும் மஞ்சளாக இருந்தது, இப்போது நகமும் மஞ்சள். நானும் கன்னியம்மாவும் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். கஞ்சி இரண்டு வாய் இறங்குகிறது.

பிரசிடெண்ட் தந்தி கொடுத்துவிட்டான். நான் கூடப் போயிருந்தேன். லீவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் உன் மேஜருக்குப் புரியும்படி சொல்லிக் காட்டு. கிளம்பி வா.

கிளியம்மாள்

*

கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.
11-1-1989

ஆயாவுக்கு.

காட்டுப் பக்கம் இருந்தோம். உங்கள் கடிதமும், அம்மாவை அடக்கம் செய்துவிட்டதாகச் சபை ஐயர் எழுதிய கடிதமும் ஒரே நாளில் கைக்கு வந்தன. எதை முதலில் பிரிப்பது என்று தெரியாமல் பிரித்தேன். தெரியாமல் ஐயர் கடிதத்தை முதலில் பிரித்தேன்.

ஆபீசில் போய்க் கேட்டேன். என் பேருக்குத் தந்தி எதுவும் வரவில்லை என்று கிளார்க் சொல்கிறார். ரவிக்கு வந்தது. கங்கம்மா மகனுக்கு வந்தது. மேட்டுத்தெருக்காரர்களுக்கு வந்தது. அவர்கள் அம்மாக்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், ஸ்தோத்திரம். என் அம்மாவுக்கு மட்டும் பிரசிடெண்டுக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஓட்டுதான் என்பதாலா? அம்மா அவர் வீட்டில் போய்க் கெஞ்சி நிற்காததாலா?

தந்தி கொடுத்துவிட்டான், கூடப் போயிருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். போய் வந்தது உண்மைதானா ஆயா? அவரைக் காப்பாற்ற எழுதினீர்களா? "நிஜமாகவே சரியில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன வார்த்தை? உடம்பு சரியில்லாமல் போவதில் பொய்யாகவும் ஒன்று இருக்கிறதா? நீங்கள் யாருக்கும் பயந்து பேசாதவர். எனக்கு உண்மையை எழுதுங்கள்.

வந்ததும் முதலில் கல்லறைக்குப் போக மாட்டேன். அந்த ஆள் வீட்டுக்குத்தான் போவேன்.

கன்னியம்மா அத்தை சுகமா? அவர்களுக்கான ஜெபத்தை நான் நிறுத்தவில்லை.

எலியேசர்

*

கொளத்துமேடு
5-3-1989

எலியேசருக்கு ஆயாவின் ஆசீர்வாதம். நான் இருக்கிறேன்.

உன் அம்மாவின் அடக்கத்துக்கு ஊரே வந்தது. வெள்ளைச் சேலை கன்னியம்மா வாங்கினாள். உன் இடத்தில் நின்று பிரசிடெண்ட் முதல் மண் போட்டான். அதையே பிடித்துக்கொண்டார்கள். "புள்ளைய வர விடாம பண்ணிட்டு மண்ணு வேற போடறியா?" என்று கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்.

போன மாதம் அவனைப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமென்று கலெக்டருக்கு மனு எழுதினார்கள். அரசமரத்தடியில் வைத்து எல்லோர் எதிரிலும் கேட்டார்கள். "ஊர்ல அத்தினி பேருக்கும் தந்தி போச்சு. செல்வமேரிக்கு மட்டும் ஏன் போவல?" கேட்டது கங்கம்மா. அவன் தபாலாபீஸ் ரசீதைக் காட்டினான். "பொய்யனோட ரசீது" என்று சிரித்தார்கள். "அப்படின்னா புள்ள ஏன் வரல? வாயத் தொற" என்றார்கள். அவன் ஒரு தடவை என் பக்கம் பார்த்தான். பிறகு கீழே பார்த்துக்கொண்டு நின்றான்.

மனுவில் முதல் கையெழுத்து பெரியவர்கள் போட வேண்டும் என்று என்னிடம் நீட்டினார்கள். போட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது வந்துவிடுகிறார்கள். மற்றவை பிறகு.

கிளியம்மாள்

*

கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.
25-2-1990

ஆயாவுக்கு.

ஒரு வருடமாக எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எங்களைத் திருப்பி அழைக்கிறார்கள். அடுத்த மாதம் கப்பலில் மெட்ராஸ் ஹார்பருக்கு வருகிறோம். வரவேற்க யாரும் வரமாட்டார்கள் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். வராவிட்டால் நல்லதுதான். மாலைக்கு நீட்டக் கழுத்து இல்லை.

பிரசிடெண்ட் மட்டும் ஹார்பருக்கு வரப்போவதாக ரவிக்குக் கடிதம் வந்திருக்கிறது. வரட்டும். அத்தனை தூரம் நடக்கிற வேலை எனக்கு மிச்சம். பட்டாளத்தில் மனுஷனை என்ன செய்யலாம் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஜெபம் செய்து பார்த்தேன். கை அடங்கவில்லை.

அத்தைக்கு என் அன்பு. பூரணமாகக் குணமாகிவிட்டார்களா?

எலியேசர்

*

கொளத்துமேடு
8-3-1990

எலியேசருக்குக் கிளியம்மாள் எழுதுவது.

நீ கப்பல் ஏறுவதற்குள் இது கிடைக்க வேண்டும். கன்னியம்மாவுக்கு எந்த வியாதியும் இல்லை. எப்போதும் இருந்ததில்லை. கட்டி என்று நான் எழுதியது பொய். ரவிக்கு வந்த தந்தி நான் கொடுக்க வைத்த பொய்த் தந்தி. நீ பட்டினி கிடந்த வெள்ளிக்கிழமைகளில் அவள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தில் அவளைச் சுகம் கேட்கும் வரி வரும்போதெல்லாம் அந்த வரிமேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டு மற்றதைப் படிப்பேன்.

அந்த ஒன்றைப் பார்த்துத்தான் மற்றவர்களும் போனார்கள். உன் அம்மா ஒருத்திதான் போகவில்லை. ஆனால் உங்கள் மேஜருக்கு எங்கள் ஊர் பிரசிடெண்ட் என்றாலே பொய்யன் என்று ஆகிவிட்டது. இதை ரவி எனக்கு முன்பே எழுதிவிட்டான். உன் அம்மா படுத்த அன்றே எனக்குத் தெரியும்.

குப்புராஜ் உனக்கு இரண்டு தந்தி கொடுத்தான். முதல் தந்திக்குப் பதில் இல்லை. மறுபடி தாம்பரம் போனோம். பழைய மாதிரியே எழுதினால் மேஜர் நம்ப மாட்டார் என்று எனக்குப் பட்டது.

"நெசமாவேன்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குமே, அத்த சேர்றா" என்றேன்.

"மதர் ரியலி சீரியஸ்" என்று எழுதினான். கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு, "ரியலி எதுக்கு சார்? சீரியஸ்னா சீரியஸ்தானே?" என்றார். குப்புராஜ் என்னைப் பார்த்தான். "இருக்கட்டும், போடு" என்றேன்.

அந்தத் தந்தி வந்தபோது ரவி ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறான். மேஜர் அவனைக் கூப்பிட்டு, "இது நிஜமென்றால் உனக்கு வந்தது என்ன?" என்று கேட்டாராம். இவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஜெயில். அவர் சிரித்துக்கொண்டே தந்தியை மேஜைக்குள் போட்டுவிட்டார். உன்னிடம் சொல்லவும் ரவிக்கு வாய் வரவில்லை. அம்மா செத்தது தெரிந்த பிறகுதான் எனக்கு எழுதினான். ஆகவே உனக்குத் தந்தி வராமல் செய்தது குப்புராஜ் இல்லை. நான் சேர்க்கச் சொன்ன ஒரு வார்த்தை.

அரசமரத்தடியில் அவன் இதைச் சொல்லியிருந்தால் ஊர் அடங்கியிருக்கும். நாலு பையன்கள் மாட்டியிருப்பார்கள். என் பேரன் முதல் ஆள். சொல்லாமல் திட்டு வாங்கினான். அதைப் பார்த்துக்கொண்டேதான் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு பம்படியில் எல்லோர் எதிரிலும் சொல்லிப் பார்த்தேன். "கெயவிக்கு மூளை கலங்கிப்போச்சு" என்றார்கள். கங்கம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "அந்தாளு கெட்டவன்னு ஊரே சொல்லுது, நீ இன்னாத்துக்கு இப்ப கெளர்றே?" என்றாள். அவன் கெட்டவனாக இருப்பது அவர்களுக்கும் சௌகரியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஹார்பருக்கு அவன் தனியாகத்தான் வருவான். கூடப் போக ஆளில்லை. உடம்பு இடம் கொடுத்தால் நான் வருகிறேன். அவன் சட்டையைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் என் சேலையைப் பிடி.

கிளியம்மாள்

கையெழுத்துப் போட்ட பிறகும் முடியவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது.

ரவியை மன்னித்துவிட்டேன். பயந்த பிள்ளை. மேஜரையும் மன்னித்தேன், அவர் என்ன செய்வார், பொய் சொன்னது நாங்கள். கங்கம்மாவைக்கூட மன்னித்தேன், பந்தி விஷயம் தவிர. நீ என்னை மன்னிக்க வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன்.

கடைசி வாரம் உன் அம்மா தினமும் கேட்பாள், "தந்தி போச்சா அத்தே?" போய்விட்டது என்பேன். ஒரு நாள் சாயங்காலம் கேட்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஏர்போர்ஸ் விமானம் ஒன்று மேலே போய் அடங்கியது. "வர மாட்டான் அத்தே. நம்மூரு தந்தின்னா அங்க சிரிப்பாங்க, இல்ல?" என்றாள். நான் தண்ணீர் டம்ளரோடு நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகமெல்லாம் மஞ்சள். "போவட்டும். பேரன் மேல ஆசை, நீங்க இன்னா பண்ணுவீங்க. மனசுல வெச்சிக்காதீங்க" என்றாள்.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை எலியேசர். கேட்க வேண்டுமென்று வாயைத் திறக்கவும் இல்லை. என் முகத்தில் துப்பியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அதோடு போயிருக்கும். கேட்காததைக் கையில் திணித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் ஆளில்லை. சோற்றில் கை வைத்தால் அந்தப் பிடிதான் தெரிகிறது.

எல்லோரையும் விட்டுவிட்டேன். அவள் ஒருத்தியை மன்னிக்க மாட்டேன், சாகும்வரை மன்னிக்க மாட்டேன். உன் அம்மா செல்வமேரியை.